ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

ஜனவரி 21, ஞாயிறு

என் மூத்த மகன் பெரியவனின் மகள் சிவசங்கரி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த வருஷமே தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறாள். அவள் தம்பி சேலத்தில் பேங்க் ஆபீசர், முதல் பரீட்சையிலேயே பாஸ். இந்த டைரியும் அவன் பேங்க்கில் கொடுத்ததுதான். மகள் செண்பகத்தின் மூத்தவள் கனகவல்லி மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள். நீச்சலில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்து கப் வாங்கியவள். கப் எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்கலாம்.

எல்லாரையும் மிஞ்சியது செண்பகத்தின் சின்னவன். தகப்பன் இல்லாத பிள்ளை. எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கும்போதே சென்னையில் சாயந்திர வகுப்புக்குப் போய் ரஷ்யப் பாஷையும் படித்து அதிலும் முதல் மார்க். இங்கேயிருந்து வேலைக்குப் போகிற ஆட்களுக்கு மாஸ்கோவில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. மதுரை ஏஜென்ட் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். மார்கழியிலேயே புறப்படு என்றார்கள். மார்கழியில் யாராவது வாசல் தாண்டுவார்களா? தை பிறக்கட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். நாளை விமானம் ஏறுகிறான்.

அவனுக்கு அவன் தாத்தா பேர். என் வீட்டுக்காரர் பேரை நான் சொல்வதும் இல்லை, எழுதுவதும் இல்லை. அதனால் எனக்கு அவன் சின்னவன்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இத்தனை பேரையும் ஒப்பிக்க வைத்தது நான். இங்கிலீஷ் பாடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நான் தாளைப் பிடித்து விரலை ஓட்டிக்கொண்டே வருவேன். ஒரு எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டார்கள். சின்னவன் எம்.ஏ. வரைக்கும் என்னிடம்தான் ஒப்பித்தான். மாஸ்கோவில் இருந்தும் ஒப்பிப்பானாம்.

ஜனவரி 24, புதன்

போய்ச் சேர்ந்துவிட்டான். குடும்ப குரூப்பில் போட்டோ போட்டிருக்கிறான். முழங்கால் வரை பனி, தோள் வரை முடி, வாய் கொள்ளாத சிரிப்பு. செண்பகம் அங்கன்வாடி வேலைக்குப் போனதும் தெருவில் எல்லாருக்கும் காட்டினேன்.

பாடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். முதலில் இங்கிலீஷ், அடுத்து ரஷ்யன், கடைசியில் தமிழ் அர்த்தம், எல்லாம் தமிழ் எழுத்தில். போனில் அரை மணி நேரம் ஒப்பித்தான்.

"ஆச்சி, இங்கிலீஷ்ல ரெண்டு சின்ன வார்த்தைய ஒண்ணாக் கட்டிருவான். 'புல்'னா இழு. 'த்ரூ'ன்னா ஊடால. 'புல் த்ரூ'ன்னா என்ன சொல்லு பாப்போம்."

"ஊடால இழுக்கது. ஊசியில நூல் கோக்க மாதிரி."

"அதான் இல்ல. சாகக் கெடந்தவன் பொழச்சு எந்திரிக்கது. ரஷ்யன்ல ஒரே வார்த்தை, 'வீகரப்கத்ஸா'. வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா மாட்டிக்கிடுவோம். மொத்தமாத்தான் மாத்தணும்."

இதில் என்ன அதிசயம் என்றேன். நாமும்தான் கைவிட்டான் என்கிறோம், கையையா விட்டான்? கண்ணை மூடினார் என்கிறோம், கண்ணை மட்டுமா மூடினார்? அவன் அங்கே பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு, "எங்க ஆச்சி சொல்லுததக் கேளுடே" என்றான். 'கிவ் அப்' என்றால் கைவிடு. அதற்கு ரஷ்யன் 'ஸ்தவாத்ஸா'. 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். 'கெட் ஓவர்' என்றால் மனம் தேறு.

வார்த்தை எல்லாவற்றையும் இந்த டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை அவன்.

ஜனவரி 29, திங்கள்

மத்தியானம் போன் செய்தான். வேலை மாஸ்கோவில் இல்லையாம், வேறு ஊராம். அதற்கு ஒரு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"முழுக்க ரஷ்யன்ல இருக்கு ஆச்சி. எனக்கே பாதி புரியல. கோர்ட்டுப் பாஷை. இங்க நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் பல வருசமா இருக்கான். அவன்ட்ட படிச்சுக் காட்டிட்டுப் போடலாம்னு பாக்கேன். அவன் நாளைக்குச் சாயந்திரம்தான் வருவான்."

நாளை செவ்வாய்க்கிழமை. காலண்டரைப் பார்த்தேன். மூன்று மணியிலிருந்து ராகுகாலம், அதற்குப் பிறகும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காலை பத்தே முக்காலுக்கு அருமையான நேரம்.

"பத்தே முக்காலுக்குப் போட்டுரு ராசா. சாயந்திரம் வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்காத."

"நம்ம ஊர் பத்தே முக்காலா? அப்ப இங்க விடிஞ்சே இருக்காதே ஆச்சி!"

"வெளக்கைப் போட்டுக்கிட்டுப் போடு."

சிரித்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

ஜனவரி 30, செவ்வாய்

சரியாகப் பத்தே முக்காலுக்குப் போட்டுவிட்டான். ஏஜென்டின் ஆள் கைகுலுக்கினாராம். பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மூன்று நாளாக அவன் போனுக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது என்று வந்தது. செண்பகம் சோறு இறங்காமல் இருந்தாள். இன்று வேறு நம்பரில் இருந்து கூப்பிட்டான். புது இடத்தில் சொந்த போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவர் போனை எல்லாரும் வாங்கிப் பேசலாமாம். பெரிய கம்பெனி என்றால் கட்டுப்பாடு இருக்கத்தானே செய்யும்.

செண்பகம் பேசிவிட்டுக் கொடுத்தாள். பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வழியில்லை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கோ என்றான். 'கெட் அப்' என்றால் எழுந்திரு. 'லைன் அப்' என்றால் வரிசையில் நில். 'ஹரி அப்' என்றால் சீக்கிரம். மூன்றும் சின்னப் பிள்ளைப் பாடம். மொழிபெயர்ப்பாளருக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"இங்க இதான் தேவைப்படுது ஆச்சி."

முடியை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். குளிருக்கு முடி இருந்தால்தானே நல்லது? ஒரு போட்டோ போடு பார்ப்போம் என்றேன். போட்டோ எடுக்கக் கூடாதாம்.

மிளகாய் வற்றல் காயவில்லை. ஊரில் மேகமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றைய பாடம்: 'கெட் டவுன்', ரஷ்யனில் 'லஷீஸ்', குப்புறப் படு. 'டிக் இன்', ரஷ்யனில் 'அகபாத்ஸா', மண்ணைத் தோண்டி அதற்குள் இரு.

"தோட்ட வேலையா ராசா?" என்றேன்.

"ஆமா ஆச்சி, அப்படித்தான். மண்ணு கல்லு மாதிரி ஒறஞ்சு கெடக்கு. கையெல்லாம் கொப்புளம்."

எம்.ஏ. படித்தவனை மண்வெட்டி பிடிக்க வைக்கிறார்கள். ஆனாலும் ஜப்பானில் முதலாளியே கூட்டிப் பெருக்குவாராம், பேங்க்காரன் சொல்லியிருக்கிறான். வெளிநாட்டு வழக்கம்.

ஒப்பிக்கும்போது குரலை இறக்கி அவசர அவசரமாகச் சொன்னான். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் ஒரு எழுத்து பிசகவில்லை.

"அம்மாட்ட மண்ணு தோண்டுததச் சொல்லாத ஆச்சி."

சொல்லவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

எதிர்வீட்டு சுபேதார் தம்பி மரியசெல்வம் பேப்பர் கொடுக்க வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மகன் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். அதனால் நம் பிள்ளை பேச்சை அவரிடம் அளந்துதான் பேசுவேன். இன்று வாய் சும்மா இருக்கவில்லை. டைரியை எடுத்துவந்து பின்பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, கடைசி ரெண்டையும் திரும்ப வாசிங்க."

வாசித்தேன்.

"அவன் என்ன வேலைக்குன்னு போனான்?"

"மொழிபெயர்ப்பு. எத்தனை தரம் சொல்லியாச்சு தம்பி."

"கையெழுத்துப் போட்ட தாள் நகல் எதும் அனுப்பினானா? முடியை வெட்டிட்டாங்கன்னு சொன்னீங்களே, எல்லாருக்குமா?"

"நீங்க என்ன போலீஸ்காரர் மாதிரி கேக்கீங்க?"

"இல்லக்கா, சும்மாத்தான்." டம்ளரைத் திரும்ப எடுக்கவே இல்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அடுத்த ஞாயித்துக்கெழமை அவன் பேசுனா என்னைக் கூப்பிடுங்க" என்றார்.

கூப்பிட மாட்டேன். ஒரு பிள்ளை முன்னுக்கு வந்தால் ஊருக்குப் பொறுக்காது.

பிப்ரவரி 14, புதன்

ரேஷன் அரிசியில் கல். இரண்டு முறை புடைத்தேன். மூன்றாவது முறையும் புடைத்தேன். செண்பகம், "எம்மா, அதுல இனி என்ன இருக்குன்னு பொடைக்க?" என்று முறத்தை வாங்கி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

செண்பகம் கோயிலுக்குப் போயிருந்த நேரம் போன் வந்தது. நல்லதாகப் போயிற்று என்றுதான் எழுத வேண்டும்.

பாடத்தை நானே கேட்டேன். 'ஹோல்ட் ஆன்', 'திர்ஷீஸ்', விடாமல் பிடித்துக்கொள். 'ஃபால் பேக்', 'அத்ஸ்துபாத்', பின்வாங்கு. 'ரன் அவுட்', தீர்ந்துபோ. இதற்கு ரஷ்யன் என்ன என்றேன். அவனுக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் பொறுத்திருந்தேன். போனுக்குள் இடி இடித்தது. பனிக்காலத்தில் இடி இடிக்குமா, தெரியவில்லை.

"என்ன ராசா அது?"

"தூரத்துல ஆச்சி. பயப்படாத." மூச்சு வாங்கினான். பிறகு மளமளவென்று சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஆச்சி, இங்க அதிகாரி ரஷ்யன்லதான் கத்துவாரு. எங்க கூட்டத்துல கேரளாக்காரன் இருக்கான், பஞ்சாப்காரன் இருக்கான், நேபாளத்துக்காரன் இருக்கான். ஒருத்தனுக்கும் ரஷ்யன் தெரியாது. நான்தான் இங்கிலீஷ்ல திருப்பிக் கத்தணும். நீளமாச் சொல்ல நேரமில்ல. ரெண்டே வார்த்தை. யோசிச்சுட்டு நின்னேன்னா, இல்ல மாத்திச் சொல்லிட்டேன்னா, அவனுக அவ்வளவுதான். அதான் ஒன்ட்ட ஒப்பிக்கேன். நீதான் பிசகு விடமாட்ட."

"நீ என்ன வேலை பாக்க ராசா?"

"மொழிபெயர்ப்புதான் ஆச்சி. பொய் சொல்லல." பிறகு, "'கம் பேக்'குக்கு என்ன? பாத்துச் சொல்லு" என்றான்.

விரலை ஓட்டிப் பார்த்தேன். அது முதல் நாள் பாடத்திலேயே இருந்தது. "விர்னூத்ஸா. திரும்பி வா."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

விடிந்ததும் நானே சுபேதார் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். நேற்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் பெஞ்சாதி ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சண்டை நடக்க எடத்துல நிக்கான் அக்கா," என்றார் அவர். வேறு எப்படிச் சொல்வார், அவர் வேலை பார்த்த பழக்கம் அது. "மொழி தெரியும்னு பிடிச்சு நிப்பாட்டியிருக்கான். அந்தத் தாளுல அதான் இருந்திருக்கும். யாராவது படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்டான்?"

"நல்ல நேரம் பார்த்துத்தான் போட்டான்," என்றேன்.

ஏஜென்ட் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயந்திரம் அவரே வந்து செண்பகத்திடம் சொன்னார். மதுரை ஏஜென்டுக்கு அடித்தால் அப்படி நம்பரே இல்லை என்று வருகிறது. செண்பகம் அழவில்லை. டைரியை என் கையில் இருந்து பிடுங்கிப் பின்பக்கத்தை முழுக்கப் படித்தாள்.

"எம்மா. குப்புறப் படு, குழி தோண்டு, பின்வாங்குன்னு ஒன் கையாலதான எழுதியிருக்க. ஒனக்குத் தோணவே இல்லயா?"

பாடம்தானே என்று நினைத்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

போன் வரவில்லை. பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார்ஜ் முழுதாக இருந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

தூத்துக்குடி கலெக்டர் ஆபீசில் மனுநாள். நான், செண்பகம், சுபேதார் தம்பி மூவரும் போனோம். தண்ணீர் லாரி கேட்டு வந்தவர்களுக்கும் பட்டா கேட்டு வந்தவர்களுக்கும் நடுவில் எங்கள் மனு. வாங்கின அம்மாள் நல்ல மாதிரி. "டெல்லிக்கு அனுப்புதோம், வேற ஜில்லாவுல இருந்தும் இதே மாதிரி வந்திருக்கு" என்றாள்.

பையன் பேர் என்ன என்று கேட்டாள். செண்பகம் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். சுபேதார் தம்பி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். அந்த அம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். கழுத்தில் தாலி ஏறிய பிறகு முதல் தடவை. கூட்டத்தில் காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்க பாட்டி என்றாள். சத்தமாகவும் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டினேன். பேரை இங்கே எழுதவில்லை.

போட்டோ கேட்டார்கள். பனியில் சிரிக்கிற போட்டோவைக் கொடுத்தோம். "முடி வெட்டின பெறகு எடுத்தது இல்லையா? மொகம் அடையாளம் தெரியுத மாதிரி?" என்று கேட்டாள். இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

இல்லை.

மார்ச் 8, வெள்ளி

தெரியாத நம்பர். எடுத்தால், "அம்மச்சி?" என்று ஒரு பையன் குரல். பேர் ஜிபின், திருச்சூர்க்காரன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், காலில் அடி. பக்கத்துக் கட்டில்காரர் போனில் இருந்து பேசினான். சின்னவன் எங்கள் நம்பரை அவன் கையில் பேனாவால் எழுதிவிட்டிருந்தானாம்.

"அவன் 'கெட் டவுன்'னு கத்தினான் அம்மச்சி. நாங்க எல்லாரும் படுத்தாச்சு. அதுகொண்டாணு, அதனாலதான், நான் இப்ப பேசுது."

"அவன் படுத்தானா?"

பையன் மலையாளத்தில் என்னவோ முனகினான்.

"ஏல, கேக்கேன்லா. அவன் படுத்தானா?"

"அவன் எப்பவும் நின்னுதான் கத்தும் அம்மச்சி. எல்லாருக்கும் கேக்கணும் அல்லே. சொல்லித் தீர்ந்துதான் அவன் படுக்கும்." அழுதான். "ஒரே பொகை. என்னை ஒரு வண்டியில ஏத்தினாங்க. வேற வண்டியும் வந்துச்சு. எனக்கு வேற ஒண்ணும் அறியில்லா."

"வார்த்தை பிசகாமச் சொன்னானா?"

"கரெக்டாச் சொன்னான். எப்பவும் கரெக்டாச் சொல்லும்."

வேறு வண்டியும் வந்திருக்கிறது. அதை இங்கே எழுதிவைக்கிறேன். பிசகாமல் சொல்லியிருக்கிறான். அதையும்.

மார்ச் 12, செவ்வாய்

தாசில்தார் ஆபீசில் இருந்து ஜீப் வந்தது. சின்னவனுக்கு உடம்பில் மச்சம் எங்கே, பல் ஏதாவது அடைத்திருக்கிறதா, சின்ன வயதில் எலும்பு முறிந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேப்பமரத்தில் இருந்து விழுந்து இடது முழங்கை முறிந்ததைச் சொன்னேன். இவ்வளவு விவரம் கேட்கிறார்கள் என்றால் மும்முரமாகத் தேடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்.

பிறகு செண்பகத்தைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு ரத்தசோகை உண்டு. பார்க்க வேண்டியதுதான், நல்லது. ஆனால் வந்ததில் இருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஸ்டெல்லா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அவள் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். ரத்தம் எதற்கு என்று சுபேதார் தம்பியைக் கேட்டேன். வாசல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "டெல்லிக்குத் தேவைப்படுதாம் அக்கா" என்றார்.

பெரியவன் குடும்பத்தோடு வருகிறானாம். பேங்க்காரனும் லீவு போட்டுவிட்டானாம். விசேஷம் ஒன்றும் இல்லையே என்றேன். ஸ்டெல்லா எழுந்து எனக்கு டீ போடப் போனாள்.

மார்ச் 17, ஞாயிறு

வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், நான் வந்தால் அதையும் நிறுத்திவிடுகிறார்கள். கனகவல்லி எனக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறாள், எனக்குக் கை இல்லாதது போல.

நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை விட முடியுமா? அவனுடைய பழைய நம்பருக்குப் பேசி அனுப்பத் தெரியும் எனக்கு. அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். டைரியின் பின்பக்கத்தை விரித்து, இந்த முறை நான் ஒப்பித்தேன். 'ஹோல்ட் ஆன்', 'திர்ஷீஸ்', விடாமல் பிடித்துக்கொள். 'புல் த்ரூ', 'வீகரப்கத்ஸா', பிழைத்து எழு. 'கம் பேக்', 'விர்னூத்ஸா', திரும்பி வா. ஒரு எழுத்து பிசகியது, முதலிலிருந்து சொன்னேன். ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. போன் இருக்கும் இடத்தில் டவர் இருக்காது.

பெரியவன் பின்னாலேயே வந்து நின்றான். "எம்மா, உள்ள வா. ஒன்ட்ட ஒண்ணு பேசணும்," என்றான். முகம் கழுவியிருந்தான். பாடம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.

சின்னவனே, குரூப்பில் தேடிப் பார்த்தால் உன்னுடையது அந்தப் பனிப் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாரும் எதை எதையோ போட்டுக் கீழே தள்ளிவிட்டார்கள். சிவசங்கரி அதை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள், பிரேம் போடக் கடைக்குக் கொண்டுபோகிறாளாம். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் முடி நீளமாக இருக்கிறது, இப்போது நீ அப்படி இல்லை. முடி வெட்டின முகத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லையே. ஆவுடையப்பா, புதுசாக ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போடு ராசா.